ரேடியோவுக்குக் கட்டிய இரும்புக் கம்பி

தை அமாவாசைக்குக் கோடியக்கரையில் கடலில் முழுக மனைவியோடு பைக்கில் கிளம்பினேன். அறுத்த நெல் வீட்டுப் பக்கம் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. வழியில் மழைச் செய்தி கேட்க வண்டியில் ரேடியோ வைத்திருந்தேன். வண்டி ஓடினாலே அதில் ஒரே இரைச்சல். ஏரியல் போதவில்லை என்று நினைத்து, ஆளுயர இரும்புக் கம்பியைப் பின்னால் நிமிர்த்திக் கட்டியிருந்தேன்.

வாய்க்கால் கரையில் திரும்பும்போது மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நிறுத்துங்க! மேல பாருங்க!"

பம்புசெட்டுக்குப் போகும் கரண்ட் கம்பி தாழத் தொங்கியது. எங்கள் கம்பிக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பிரேக் பிடித்து இன்ஜினை அணைத்தேன். உடனே ரேடியோ தெளிவாகப் பேசியது. இரைச்சல் இன்ஜினால்தான் வந்திருக்கிறது! அது சொன்னதோ டெல்டாவில் கனமழை.

வண்டியைப் பின்னால் தள்ளி, கம்பியை அவிழ்த்து எறிந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். அதற்குள் நெல் நனைந்துவிட்டது.

இப்போது வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்த பிறகுதான் செய்தி கேட்கிறேன். கரண்ட் கம்பியைப் பற்றி மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தோம். அது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.