திராட்சை வீடியோவில் இருக்கும் டாக்டர் நான்தான்

இன்று காலை கம்பத்திலிருந்து தேனிக்குப் பேருந்தில் வந்தேன். பக்கத்து சீட் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். உத்தமபாளையம் தாண்டியதும் கேட்டேவிட்டார்.

"திராட்சை வீடியோல வர்ற டாக்டரம்மா நீங்கதான?"

பெருமையாகத் தலையாட்டினேன்.

"நீங்க சொன்னதுலருந்து சுகர் மாத்திரைய நிப்பாட்டிட்டேன். காலையில வெறும் வயித்துல திராட்சைதான்."

மடியிலிருந்த பையில் பன்னீர் திராட்சை குலைகுலையாக இருந்தது.

அவர் போனை வாங்கி வீடியோவைப் பார்த்தேன்.

நான் பேசியது இதுதான்: "சுகர் இருக்கவங்க மாத்திரைய நிறுத்திட்டு திராட்சை சாப்பிடலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."

'சாப்பிடலாம்' வரைக்கும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வெட்டியிருந்தான் வீடியோ எடுத்தவன்.

அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். திராட்சை வியாபாரி. "சனங்களுக்கு விழிப்புணர்வு வேணும்ல" என்றுதான் கூப்பிட்டான்.

அங்கேயே போன் போட்டேன்.

"நல்லா ஓடுதுல்ல, விடு. உனக்கும் பேருதான?" என்றான்.

அக்காவிடம் சொன்னேன்: "அது வெட்டுன வீடியோக்கா. நான் அப்படிச் சொல்லவே இல்ல. திராட்சைய விட்டுட்டு, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அதுல தெளிவா சொன்னீகளே டாக்டரம்மா. இங்கன வந்து மாத்திப் பேசுறீக. மாத்திரைக் கம்பெனிக்காரக எதுவும் சொன்னாகளா?"

சின்னமனூரில் இறங்கிப் போய்விட்டார்.

மறுப்பு வீடியோ போடப்போகிறேன். எடுத்துத்தர ஒரு ஆள் வேண்டும். வெட்டத் தெரியாதவராக இருந்தால் மட்டும் கமெண்டில் வாருங்கள்.