இரண்டு விரல் உயரம்

ஆர்டிஸ் ஹாக்ருட்டுக்கு யார் சொல்லையும் கேட்கிற பழக்கமே கிடையாது. முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனிப்புயலுக்கு நடுவிலும் கண்ணாடியைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டால் பின்சீட்டுப் பிள்ளைகள் கப்சிப். ஓய்வு பெற்றதும் அதட்ட ஆள் இல்லாமல் போனது. அந்தக் கவனமெல்லாம் கொல்லையில் இருந்த மார்ட்டின் குருவிகள் மேல் திரும்பியது.

மார்ட்டின்கள் எங்கள் மினசோட்டா ஏரிக்கரையில் மனிதன் வைத்துக் கொடுத்த வீட்டில்தான் குடியிருக்கும். உயரமான கம்பம், அதன் உச்சியில் பன்னிரண்டு அறை கொண்ட அலுமினிய வீடு. பிரேசிலில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரல் கடைசியில் வந்து சேரும். ஒரு காலத்தில் இந்த ஏரியைச் சுற்றி நாற்பது கம்பங்களில் குருவி இருந்தது. இப்போது இரண்டே இரண்டு. ஒன்று ஆர்டிஸின் கொல்லை, இன்னொன்று எதிர்க்கரையில் செல்மர் ருஸ்டாடின் வீடு.

செல்மருக்கு எண்பத்தேழு வயது. பால் பண்ணையில் வெண்ணெய் கடைந்து ஓய்ந்தவர். மனைவி போய்ப் பதினாறு வருஷம், கண் போய் ஒன்பது வருஷம். மே மாதம் பிறந்துவிட்டால் கம்பத்துக்கு அடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கில் காபியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். குருவிகள் தலைக்கு மேல் கொடகொடவென்று பேசிக்கொண்டே இருக்கும். அவருக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது.

போன வருஷம் ஸ்டார்லிங் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. மைனா சாதிதான் அது, ஆனால் படு போக்கிரி. வட்ட வாசல் வழியாக உள்ளே புகுந்து முட்டையைக் குத்தும், குஞ்சைக் கொல்லும். செல்மரிடம் இருந்த ஒன்பது ஜோடி மூன்றாகக் குறைந்தது. ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு வீடுகளையும் கழற்றித் தன் கார் ஷெட்டில் இறக்கினாள். பழைய அறைகள் மிகச் சின்னவை என்று நடுத்தகட்டை வெட்டி, இரண்டை ஒன்றாக்கினாள். வட்ட வாசலை எடுத்துவிட்டுப் பிறை வடிவ வாசல் வைத்தாள். மார்ட்டின் வயிற்றைத் தரையோடு ஒட்டி நுழைந்துவிடும், ஸ்டார்லிங்குக்கு நெஞ்சு தடிமன், நுழையாது. நல்ல யோசனைதான். இப்போது எல்லாரும் செய்வதுதான்.

செல்மர் மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "எதுக்கும்மா ஆர்டிஸ்? இருக்கற மூணு ஜோடியும் மெரண்டு ஓடிடப் போவுது. அப்படியே விட்டுடேன்."

"அப்படியே விட்டா அடுத்த வருஷம் ஒண்ணுகூட இருக்காது. நீங்க பேசாம காபியக் குடிங்க. நான் பாத்துக்கறேன்."

"சரி, உனக்குத் தெரியாததா" என்று விட்டுவிட்டார்.

வாங்கிவந்த காகித மாதிரியில் பிறை வாசலின் அடிவிளிம்பு அறையின் தரையோடு தரையாக இருந்தது. ஆர்டிஸுக்கு அது பிடிக்கவில்லை. போன ஜூலையில், வெயில் தாங்காமல் வாசலுக்கு நெருங்கி வந்த நான்கு குஞ்சுகள் கீழே விழுந்து செத்ததைத் தன் கையாலேயே பொறுக்கியவள் அவள். "இந்த மாதிரிய வரைஞ்சவன் ஒரு குஞ்சையாவது வளத்திருப்பானா?" என்று திட்டிக்கொண்டே வாசலைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயர்த்தி வெட்டினாள். தன் வீட்டுக்கு ஆறு, செல்மர் வீட்டுக்கு ஆறு. பன்னிரண்டு வாசலுக்கும் ஓரத்தை அரம் போட்டு, விரலால் தடவிப் பார்த்து மழமழவென்று ஆக்கினாள்.

குருவிகள் வந்தன, மிரளவில்லை. மே மூன்றாம் வாரம் ஆர்டிஸ் நிம்மதியாக மகளைப் பார்க்க டுலூத் நகருக்குப் போய்விட்டு, இரண்டு நாள் கழித்துக் காலையில் திரும்பினாள். புருஷன் லோவெல் அடுப்படி ஜன்னலோரம் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"உன் புது வாசல் குருவிங்களுக்கு ரொம்பத்தான் புடிச்சுப்போச்சு. நேத்துலேர்ந்து ஒருத்தன் வாசல்லயே உக்காந்திருக்கான். நகரவே மாட்டேங்கறான். உன்ன மாதிரியே பிடிவாதம்."

ஆர்டிஸ் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஓடிப்போய்க் கம்பத்தின் கைப்பிடியைச் சுற்றி வீட்டை இறக்கினாள். ஆண் குருவி, பாதி வெளியே, பாதி உள்ளே. இரண்டு தோளும் பிறையின் மேல் விளிம்பில் இறுகிக் கிடந்தன. படுத்து நகரும் குருவிக்கு வயிற்றுக்கு அடியில் தரை வேண்டும், உந்துவதற்குக் கால் வேண்டும். அவள் உயர்த்திய இரண்டு விரலில் அதன் கால் அந்தரத்தில் தொங்கியது. அடித்து அடித்துச் சிறகு விளிம்பெல்லாம் ரத்தமாகி, எப்போதோ செத்திருந்தது.

"ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்" என்றாள். அடுத்த மூச்சில், "செல்மர்!"

அவருக்குப் போன் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. ஏரியைச் சுற்றிப் பதினோரு மைல், காரில் பறந்தாள். பேருந்தை ஒருநாளும் அப்படி ஓட்டியதில்லை அவள்.

"ப்ரேக்க இப்படி மிதிக்கறவ ஊர்லயே ஒருத்திதான்" என்று நாற்காலியிலிருந்தபடியே சிரித்தார் செல்மர். "வா, உக்காரு. நேத்து நீ இருந்திருக்கணும். ஒருத்தன் பொழுதுக்கும் பேசினான் பாரு! மத்ததெல்லாம் சுத்திச் சுத்திப் போவுது, இவன் மட்டும் ஒரே எடத்துலேர்ந்து எங்கிட்டயே பேசறான். நானும் விடல. 'சொல்லுடா, சொல்லு'ன்னு இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தேன். இன்னைக்குத்தான் சத்தத்தக் காணோம். தொண்டை கட்டியிருக்கும்."

ஆர்டிஸ் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாவது வாசல். அதில் ஒரு கறுத்த தலை அசையாமல் தொங்கியது.

கைப்பிடியைச் சுற்றினாள். "எதுக்கு எறக்கற? கூட்டுல முட்டை இருக்குமே?" என்றார் அவர். அவள் தகட்டை வளைத்துக் குருவியை எடுத்தாள். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. கை பைவரைக்கும் போனது.

"என்னம்மா? அவன் இருக்கானா?"

"இல்ல செல்மர். செத்துட்டான். வாசல்ல மாட்டிக்கிட்டான். நான் வச்ச வாசல். நான்தான் கொன்னேன்."

அவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். அப்புறம் உள்ளங்கையை நீட்டினார். அவள் வைத்தாள். தலை, அலகு, சிறகு என்று விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இவ்வளவு சின்னதா," என்றார். "அந்தச் சத்தத்துக்கு, கொஞ்சம் பெரிசா இருப்பான்னு நெனச்சேன்."

ஆர்டிஸ் புல்லிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செல்மர் குருவியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"அப்போ அவன் பேசலியா ஆர்டிஸ்?" என்றார். "என்னக் கூப்பிட்டிருக்கான். நான் கீழ உக்காந்து காபி குடிச்சிருக்கேன்."