ஐநூறு வாலா

சாத்தூர் கபடிப் போட்டியின் இரண்டாம் நாள் பிற்பகலில், செய்யது அபுதாஹிர் தன் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். ஆட்டம் முடியவில்லை. வெளிச்சமும் போகவில்லை. ஆடுகளத்தின் எதிர்ப்பக்கம் சபரிநாதன் வந்து நின்றதுதான் காரணம். அவன் கையில் வெள்ளை நிறத்தில், முழங்கை கனத்துக்கு ஒரு லென்ஸ் இருந்தது. கபடி பார்க்க வந்த கூட்டத்தில் பாதி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏலே, பீரங்கிலே!" என்றான் கூட்டத்தில் ஒருவன். "அண்ணே, இங்கன நின்னா இருக்கன்குடி கோபுரம் தெரியுமா?"

"கோபுரத்துல உக்காந்திருக்க புறாவோட கண்ணு தெரியும்லே" என்று சபரி சிரித்தான். பிறகு எதிர்ப்பக்கம் பார்த்துக் கையை ஆட்டினான். "பாய்! வாங்க பாய், நீங்களும் பாருங்க. நூறு நானூறு. நூறு மில்லிமீட்டர்ல இருந்து நானூறு வரைக்கும் இழுக்கும். சிங்கப்பூர்ல இருந்து எங்க அண்ணன் கொண்டாந்தது."

அபுதாஹிர் போய்ப் பார்த்தார். பாடிச் செல்பவனின் புருவத்தில் வழிந்த வியர்வை, எடுத்துத் துடைத்துவிடலாம் போல அருகில் தெரிந்தது. "நல்லாருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பது சபரிக்குத் தெரியாது.

அது 2008ஆம் வருடம், தீபாவளி சீசன் முடிந்திருந்த நேரம். அபுதாஹிருக்கு நாற்பத்தாறு வயது. சிவகாசியில் மகள் பேரில் பெனாசிர் ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படம், கல்யாணம், பட்டாசுப் பெட்டி லேபிளுக்குக் குழந்தைப் படம் என்று பொழுது போகும். ஆனால் தன் வாழ்க்கை என்று அவர் மனதுக்குள் வைத்திருந்தது வேறு. நல்லசிவம் அண்ணாச்சியின் அச்சகம் வருடந்தோறும் போடும் பறவைக் காலண்டர். பன்னிரண்டு தாள், பன்னிரண்டு பறவை, ஒன்பது வருடங்களாக எல்லாமே அவர் எடுத்த படங்கள். தாளின் ஓரத்தில் கடுகு அளவு எழுத்தில் 'படம்: செய்யது அபுதாஹிர்' என்றிருக்கும். கோவில்பட்டி டீக்கடையிலோ விருதுநகர் மிளகாய் மண்டியிலோ அந்தக் காலண்டரைக் கண்டால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டே போய் அந்த எழுத்தைப் படித்துவிட்டுத்தான் வருவார். தெரியாத பெயரைப் படிப்பது போலத்தான் படிப்பார்.

அந்தப் படங்களை எடுக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ். கிட்டே இழுக்காது, தள்ளாது, தானாக ஃபோகஸும் செய்யாது. பறவை வரும் வரை அவர்தான் காத்திருக்க வேண்டும்.

முதல் வருடம் அவர் கொண்டுபோன படங்களை நல்லசிவம் திருப்பிக் கொடுத்திருந்தார். "நாரை நல்லாத்தான் இருக்கு பாய். காலண்டர் குடுக்குற கடைக்காரன் தன் பேரை எங்க அடிப்பான்? அது மூக்குலயா?" அன்றிலிருந்து பறவையை மேலே நிறுத்தி, கீழே மூன்றில் ஒரு பங்கை வெறும் தண்ணீராகவோ வானமாகவோ விட்டு எடுக்கப் பழகினார். பழக்கம் கையில் ஊறிவிட்டது. கொழுந்தியாள் நிக்காஹ் படங்களில்கூடக் கீழே காலி இடம். "இங்கன என்ன, ஜவுளிக்கடைப் பேரா அடிக்கப் போறீக?" என்று அவர் மனைவி சாலிஹா கேட்டாள்.

சாத்தூரிலிருந்து திரும்பிய வாரமே நல்லசிவம் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்த வருசம் சபரியும் எடுக்கட்டுமே பாய். அவன் லென்ஸைப் பாத்தீகளா? மாசிக் கடைசியில ரெண்டு பேரும் கொண்டாங்க. எது தோதா இருக்கோ அதை எடுத்துக்கிடுதேன். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வந்தாகணும்."

சிவகாசியில் மறு வருடக் காலண்டர்களின் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி ஏஜெண்டுகளுக்குக் காட்டுவது ஆடிப் பதினெட்டில். அந்த ஆல்பத்தில் இல்லாதவன் அடுத்த வருடம் எந்தச் சுவரிலும் இல்லை. அபுதாஹிர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். "சரி அண்ணாச்சி" என்றுகூடச் சொன்னார்.

பொறாமை தொலைவில் இருப்பவன்மேல் வருவதில்லை. வெளிநாட்டுக் காட்டில் சிங்கத்தை எடுப்பவனின் படத்தைப் பார்த்து அபுதாஹிர் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. சபரி பக்கத்துத் தெருவில் காகிதக் கடை வைத்திருப்பவன். பன்னிரண்டு வயது இளையவன். பிரிண்ட் போட இவர் ஸ்டுடியோவுக்குத்தான் வருவான். இனிப்பு வாங்கினால் பெனாசிருக்கு ஒரு பொட்டலம் தனியே கொண்டுவருவான். வெறுப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்காததுதான் பெரிய தொந்தரவாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மதுரைக்குப் பஸ் ஏறினார். கேமராக் கடை லட்சுமிகாந்தம் அவருக்கு இருபது வருடப் பழக்கம். மூன்று லென்ஸ்களைக் கண்ணாடி மேசையின்மேல் வைத்தார்.

"இது முந்நூறு. ஜூம் கிடையாது. ஆனா வாய் பெருசு, அந்தி வெளிச்சத்துலயும் ஓடுற ஆளை நிறுத்திப் பிடிக்கும். இது நூறு நானூறு. கை நடுங்கினாலும் படம் நடுங்காது, உள்ளயே அதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. கையில பிடிச்சே பறக்குறதை எடுக்கலாம். உங்களுக்கு இதான் பாய் சரி."

அபுதாஹிர் அதைத் தொடவில்லை. சபரியிடம் இருப்பது அதேதான். வாங்கினால், சபரியைப் பார்த்து வாங்கினான் என்று ஊர் சொல்லும். ஊருக்கு அதைச் சொல்ல நேரம் இருக்குமா என்று அவர் யோசிக்கவில்லை.

"அந்த மூணாவது?"

"ஐம்பது ஐநூறு. கிட்டத்தட்ட ரெண்டு கிலோ. நடுக்கம் தடுக்காது. ஐநூறுல வச்சா வாய் சுருங்கிரும், நல்ல வெயில் வேணும். ஸ்டாண்ட் இல்லாம எடுத்தா எல்லாம் கலங்கித்தான் வரும்."

"ஐநூறுதானே?"

"ஐநூறுதான்."

"இதையே குடுங்க."

லட்சுமிகாந்தம் சிரித்துவிட்டார். "என்ன பாய், ஐயாயிரம் வாலா இருக்கா, பத்தாயிரம் வாலா இருக்கான்னு எங்க ஊர்க்காரன் உங்க ஊர்ல வந்து கேப்பான். நீங்க இங்க வந்து ஐநூறு வாலா கேக்குறீக!"

அபுதாஹிரும் சேர்ந்து சிரித்தார். தீபாவளிக்குச் சரவெடி வாங்க வரும் வெளியூர்க்காரர்கள், உள்ளே என்ன வெடி, எப்படி வெடிக்கும் என்றெல்லாம் கேட்காமல் பெட்டியில் போட்ட எண்ணை மட்டும் கேட்பதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்ததுண்டு. எண்ணைப் பார்த்து ஏமாறாத ஊரில் பிறந்தவர் என்ற பெருமை அவருக்கு இருந்தது. ஆனால் திரும்பும் பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நானூறைவிட ஐநூறு எவ்வளவு கூடுதல் என்று திருமங்கலம் வரை யோசித்துக்கொண்டு வந்தார்.

மார்கழியில் ஆனைக்குட்டம் அணைக்குப் பறவைகள் வந்து இறங்கின. மஞ்சள்மூக்கு நாரைகள், கூழைக்கடாக்கள், அரிவாள்மூக்கன்கள். அபுதாஹிர் விடியும்போதே ஸ்கூட்டரில் போய்விடுவார். சபரி அதற்கு முன்பே வந்து, எதிர்க்கரையில் வெள்ளை லென்ஸோடு உட்கார்ந்திருப்பான்.

முதல் நாள் ஐநூறை அவனை நோக்கித் திருப்பினார். பெரிய லென்ஸில் எதையும் நேரே பிடிக்க முடியாது. முதலில் அகலமாக வைத்துத் தேட வேண்டும், கிடைத்தபின் இழுக்க வேண்டும். கரை, கருவேலம், வானம் என்று தேடினார். தண்ணீரின் மறு ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளியாகச் சபரி கிடைத்தான். அந்த நேரத்தில் கூழைக்கடாக்கள் அவன் தலைக்குமேல் எழும்பின. விரல் தானாகப் பொத்தானை அமுக்கியது. பிறகு வளையத்தைத் திருகி ஐநூறுக்கு இழுத்தார். சபரியின் முகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, அபுதாஹிர் தன் லென்ஸையும் அந்தப் பக்கமே திருப்பினார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. முதலில் சபரி, பிறகு பறவை. அவன் நாரையைப் பார்த்தால் இவரும் நாரை. அவனுக்கு முழுப் பறவை விழுந்திருக்கும் என்று நினைத்து, இவர் இறகின் நரம்பு வரை இழுத்தார். முதல் இரண்டு வாரப் படங்கள் கலங்கி வந்தன. ஸ்டாண்ட் வாங்கினார், வெயில் ஏறக் காத்திருந்தார், தைக்குள் படங்கள் தெளிந்துவிட்டன. ஒரு நாரையின் கண்ணுக்குள் அணைக்கரையே தெரிந்தது.

"பறவையைப் பாக்கப் போறீகளா, சபரித் தம்பியைப் பாக்கப் போறீகளா?" என்றாள் சாலிஹா ஒருநாள், ஃப்ளாஸ்க்கில் டீ ஊற்றியபடி. "அந்தத் தம்பி மூணு நாளா ஒரே சட்டை, சளி வேற பிடிச்சிருக்குன்னு சொன்னீகளே. கொக்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே."

அவர் ஃப்ளாஸ்க்கை வாங்கிக்கொண்டார்.

மாசிக் கடைசியில் இருவரும் அச்சகத்துக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் முன்னால் வடிவமைப்பு செய்யும் அனுப்பிரியா உட்கார்ந்திருந்தாள். நல்லசிவம் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

அபுதாஹிரின் நாரை திரையில் வந்ததும் நல்லசிவம் "அம்மாடி!" என்றார். இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. அபுதாஹிர் சபரியின் முகத்தைப் பார்த்தார். அவன் வாய் திறந்திருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மூன்று மாதமாக விடியலில் எழுந்திருந்தார்.

"கடைப் பேரை எங்க சார் வைக்க?" என்றாள் அனுப்பிரியா.

நாரை திரை முழுவதும் இருந்தது. மூக்கு ஓர் ஓரத்தை இடித்தது, வால் மறு ஓரத்தை. அடுத்தது கூழைக்கடா, அதுவும் அப்படியே. அடுத்ததும் அப்படியே.

"கொஞ்சம் சுருக்கிப் போடேன்" என்றார் நல்லசிவம்.

"சுத்தி ஒண்ணுமே இல்லையே சார். காலி இடம்னு சொல்ல ஒரு விரல் இடம் இல்ல."

நல்லசிவம் திரும்பினார். "என்ன பாய் இது? ஒம்பது வருசமா நான் சொல்லாமலே இடம் விட்டு எடுப்பீக. இந்த வருசம் என்ன ஆச்சு?"

என்ன ஆயிற்று என்று அபுதாஹிருக்குத் தெரியும். பறவையைப் பார்த்திருந்தால் கை தன் பழக்கத்தில் இடம் விட்டிருக்கும். அவர் பார்த்தது பறவையை அல்ல.

சபரியின் படங்கள் வந்தன. இவருடையவை அளவுக்குத் துல்லியம் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் பறவை மேலே நிற்க, கீழே மூன்றில் ஒரு பங்கு சும்மா இருக்கும் தண்ணீர். அனுப்பிரியா ஒரு நகைக்கடைப் பெயரை அதன்மேல் வைத்தாள். தண்ணீரில் மிதப்பது போல உட்கார்ந்துகொண்டது.

"யாருலே உனக்கு இதைச் சொன்னது?" என்றார் நல்லசிவம்.

"யார் சொல்லணும் அண்ணாச்சி? பாயோட ஒம்பது காலண்டரும் வீட்டுல இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஸ்கேல் வச்சு அளந்து பாத்தேன்." சபரி அபுதாஹிரைப் பார்த்துச் சிரித்தான். அதில் கேலி ஒரு பொட்டுகூட இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

சபரியின் படங்களில் பதினொன்று தேறின. டிசம்பருக்கு ஒன்று குறைந்தது. அனுப்பிரியா அபுதாஹிரின் சி.டி.யைத் திரும்பப் போட்டு, ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தாள். முதல் நாள் படங்களில் ஒன்றில் நிறுத்தினாள்.

அகலமான கரை. வானத்தில் முப்பது கூழைக்கடாக்கள். கீழே தண்ணீர் வெறுமையாகப் பரந்து கிடந்தது. அதன் மறு ஓரத்தில் சோளமணி அளவுக்கு ஒரு ஆள், தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு.

"இது யாரு பாய்?"

"யாரோ" என்றார் அபுதாஹிர்.

"யாரா இருந்தா என்ன. டிசம்பருக்கு இதான்" என்றார் நல்லசிவம்.

ஆடிப் பதினெட்டில் ஆல்பம் வெளிவந்தது. பதினோரு தாள்களில் 'படம்: சபரிநாதன்'. கடைசித் தாளில் மட்டும் பழைய பெயர். அபுதாஹிர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதினோரு தாள்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பன்னிரண்டாவதைப் படிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சபரி ஸ்டுடியோவுக்கு வந்தான். கையில் வழக்கம்போலப் பெனாசிருக்குப் பொட்டலம்.

"பாய், அந்த டிசம்பர் படத்துல இருக்கறது நான்தானே? பூதக்கண்ணாடி வச்சுக் கண்டுபிடிச்சுட்டேன். எனக்கு ஒரு பெரிய பிரிண்ட் போட்டுக் குடுங்க. இத்தனை வருசமா நான்தான் எல்லாரையும் எடுக்கேன், என்னைய ஒரு பய எடுத்ததில்ல."

அபுதாஹிர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். சபரி தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான்.

"எம்புட்டு தூரத்துல இருந்து பிடிச்சிருக்கீக! ஐநூறுல வச்சா எடுத்தீக?"

திரையின் வலது மூலையில் படத்தின் விவரங்கள் வரிசையாக இருந்தன. தேதி, நேரம், அதற்குக் கீழே எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்பது. நூற்றுப் பத்து. சபரியின் லென்ஸிலேயே எடுத்திருக்கலாம். பழைய முந்நூறோடு கரையிலிருந்து வெகுதூரம் பின்னால் தள்ளி நின்றிருந்தால்கூட ஏறக்குறைய வந்திருக்கும்.

அபுதாஹிர் திரையைத் துடைப்பவர் போல உள்ளங்கையை அந்த மூலையில் வைத்தார்.

"ஆமா" என்றார். "ஐநூறு."