பச்சையாகவே இருந்த எண்

முடிதிருத்துகிறவருக்கு நெஞ்சுக்குள் உலோக வால்வு வைத்ததிலிருந்து, இரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க மாத்திரை. விரலைக் குத்தி ஒரு சொட்டைச் சின்ன மெஷினில் வைத்தால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஓர் எண் வரும். அதைக் கைப்பேசி ஆப்பில் போட வேண்டும். சரியாக இருந்தால் பச்சை, ஏறினாலும் இறங்கினாலும் சிவப்பு. எத்தனை மாத்திரை என்பதையும் ஆப்பே சொல்லிவிடும்.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "மாஸ்டர், எங்களைக் கீறினா துடைச்சுட்டுப் போயிடுவோம். நீங்க கீறிக்காதீங்க, கடையே மெதக்கும்!" என்பார்கள். அவரும் சிரிப்பார். இரத்தம் நிற்காமல் போவதுதான் அவருக்குப் பயமெல்லாம்.

எண்ணைப் போடுவது மனைவி. ஆப்பை வெளியூரில் இருக்கும் மகளின் கைப்பேசியோடும் இணைத்திருந்தார்கள். ஒருமுறை சிவப்பு வந்ததும் அந்த வாயும் வயிறுமான பெண் அலறியடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் கேட்கவில்லை.

அடுத்த தடவை விரலைக் குத்தியபோது மனைவி கைப்பேசியை வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"என்னடி முழிக்கிற?"

"இறங்கியிருக்குங்க. சிவப்பு வரும்."

"ஏறினாத்தானே ரத்தம் கொட்டும்? இறங்கினா நல்லதுதான். புள்ள மறுபடியும் பஸ் ஏறிடப்போறா. பச்சை வர்ற மாதிரி ஒண்ணைப் போட்டு விடு, கடவுள் பாத்துக்குவாரு."

போட்டாள். ஆப்பும் அதை நம்பி, மாத்திரை பழையபடியே என்றது. பிறகு அதுவே வழக்கமானது. "அப்பா சமத்து" என்று மகள் செய்தி அனுப்புவாள். இருவரும் மாறிமாறிப் படித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் காலையில் பாதித் தலை வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தரி கீழே விழுந்தது. "என்ன மாஸ்டர், இப்பவே தூக்கமா?" என்று கேட்டவர் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டரின் வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு போயிருந்தது.

வால்வில் உறைந்த கட்டி மூளைக்குப் போய்விட்டதாம். வலது கை இனி வேலைக்கு ஆகாது, பேச்சு வருவதும் சந்தேகம் என்றார் டாக்டர்.

யார் தடுத்தும் கேளாமல் மகள் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். "எப்படிம்மா? பச்சையாத்தானே இருந்துச்சு?"

"நான்தாண்டி பச்சையாக்கினேன். உனக்காகத்தான்..."

அந்தக் கடைசி வார்த்தையை விட்டிருக்கலாம். மகள் முகத்தில் ஈயாடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். கட்டிலில் கிடந்தவர் இடது கையை வேண்டாம் வேண்டாம் என்பதுபோல ஆட்டினார். யாரைச் சொல்கிறார், எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

மனைவி கைகூப்பி, "கடவுளே" என்றாள். அதற்கு மேல் என்ன கேட்பதென்று அவளுக்குத் தோன்றவில்லை.