முப்பத்திரண்டாவது வீட்டுச் சாவி

தப்பித்துப் போகிற கதைகள் என்றால் எனக்கு உயிர். ஜாசின் நகரில் ஒரு நூல்நிலையத்தில் வேலை. சிறைக்குள் கரண்டியால் சுரங்கம் தோண்டியவன், போர்வையைக் கிழித்துக் கயிறாக்கியவன், பிணம்போல் படுத்து வெளியே வந்தவன் என்று ஒருவரையும் விட்டுவைக்காமல் படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் சொந்த வீட்டிலிருந்து தப்பிக்க நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி எடுத்துக்கொண்டேன்.

நேரம் கணக்கெடுத்தவர் தேவமலர் அக்கா. பாயா ரும்புட் குடியிருப்பில் எங்கள் வீட்டு வரிசைக்கு அப்போதுதான் குடிவந்திருந்தார். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை, வயது ஐம்பத்திரண்டு, தனியாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியோடு வந்து எங்கள் கூடத்தில் நின்றார்.

"தம்பி ஷங்கரு, வீடு எரியுதுன்னு வெச்சுக்க. வாசக் கம்பி கிரில் பூட்டியிருக்கு. சாவிய எடுத்துத் தெறந்து வெளிய வா பாப்போம்."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். சட்டைப் பையில் பார்த்தேன், குளிர்பெட்டி மேல் பார்த்தேன், மனைவியின் கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்தேன். கடைசியில் முந்தின நாள் சாப்பாட்டுப் பைக்குள், ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. நான் சிரித்துக்கொண்டே கிரில்லைத் திறந்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு அவ்வளவு நேரம் கெடைக்கலப்பா" என்றார்.

அக்கா செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுக் கதவுக்கு ஒரு மரத் தாழ்ப்பாள், அவ்வளவுதான். கல்யாணமாகி ஜாசினுக்கு வந்த பிறகுதான் கிரில், பூட்டு எல்லாம். அவர்கள் அப்போதிருந்த வரிசையில் ஒரு வீட்டில் திருட்டுப் போனதும் கணவர் காந்தன் இன்னும் தடித்த கம்பியாகப் பார்த்துப் போட்டார். ஒரு சனிக்கிழமை அவர் இரவு வேலை முடிந்து வந்து அசந்து தூங்கினார். எழுப்ப மனசில்லாமல், அக்கா வெளியே பூட்டிவிட்டுக் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனார். காற்றாடி வயரில் தீ பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு அடித்தும் கம்பி அசையவில்லை. தீயணைக்கும் பொம்பாக்காரர்கள் வந்து வெட்டித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா திரும்பி வந்தபோது சாவி அவர் பர்சில் பத்திரமாக இருந்தது.

இதைச் சொன்னபோது அவர் அழவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கும் கோபம் வரும். எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் தோட்டத்தைவிட்டு ஓடியவனைத் தேடிப் பிடித்து வருவார்களாம். கதவில் பூட்டே கிடையாது, ஆனாலும் வெளியே போக முடியாது. இப்போது நம்மைப் பிடித்துவைக்க யாரும் இல்லை. அதனால் நாமே கம்பி வாங்கி, நாமே பூட்டி, சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தும் போகிறோம். இதைவிடப் பெரிய கூத்து உண்டா?

அக்கா கோபத்தோடு நிற்கிற ஆள் இல்லை. ஒரு சுத்தியல், ஒரு டப்பா ஆணி. எங்கள் வரிசையில் முப்பத்திரண்டு வீடு. ஒவ்வொன்றாகப் போவார். உள்ளே நிற்பவர் கைக்கு எட்டணும், வெளியே நிற்கிற திருடன் கைக்கு எட்டக்கூடாது. அப்படி ஓர் இடம் பார்த்து அவரே ஆணி அடித்துச் சாவியை மாட்டுவார். "கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்று சோதனையும் வைப்பார். அடுத்த வாரம் திடீரென்று வந்து மறுசோதனை. சிலர் அவர் தலையைக் கண்டதும் டிவியை அணைத்துவிட்டு வீட்டில் இல்லாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். சாவியக்கா என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே முப்பத்தொரு அம்மி நகர்ந்தது.

நகராத முப்பத்திரண்டாவது, கடைசி வீட்டு இந்திராதேவி, கணவரைப் பிரிந்து வாழ்பவள். தொழிற்சாலையில் காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை வேலை. ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகள். பள்ளி நாட்களில் பிள்ளை பார்க்கும் இடத்தில் விடுவாள், அது விடுமுறையில் கிடையாது. அதனால் விடுமுறை வந்தால் பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு, சாவியோடு வேனேறிப் போய்விடுவாள்.

இதைக் கேட்டதும் அக்கா எழுந்துவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒரு சாவிய உள்ள மாட்டி வெச்சிட்டுப் போ தேவி."

"முடியாதுக்கா. அவங்கப்பா வந்து கூப்ட்டா சின்னவ தெறந்துருவா. போன வருசம் வந்து அவளத் தூக்கிட்டுப் போயிட்டாரு. பதினோரு நாள் எங்க இருக்குன்னே தெரியல."

"அப்ப எங்கிட்ட ஒண்ணு குடு."

"அன்னிக்கும் சாவி பக்கத்து வீட்டுலதான் இருந்திச்சு. 'அப்பாதானே லா'ன்னு தெறந்து விட்டாங்க. இனிமே யாரையும் நம்ப மாட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. வெளியே வந்ததும், குழந்தைநல அதிகாரிகளிடம் சொல்லிவிடலாம் என்றேன். அக்கா என்னை முறைத்தார்.

"புள்ளைங்கள எடுத்துட்டுப் போயிட்டா அவ உசுரோட இருப்பாளா? புத்தகம் படிச்சவன் பேசற பேச்சா இது?"



விடுமுறையின் முதல் திங்கட்கிழமை. ஆறரை மணிக்குத் தொழிற்சாலை வேன் முனையில் வந்து நின்றது. தேவி பூட்டும் கையுமாக வாசலில் நிற்க, அக்கா ஒரு துணிப்பையோடு அவளைத் தாண்டி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேண்டீனும் லீவு. சாவி தரமாட்டேன்னா தராத. என்னையும் வெச்சுப் பூட்டிட்டுப் போ."

"விளையாடாதீங்கக்கா, வேன் போயிரும்."

"நா எங்க விளையாடறேன்? பூட்டு."

வேன்காரர் ஹாரன் அடித்தார். தேவி ஒரு நிமிடம் நின்றாள், பிறகு பூட்டிவிட்டு ஓடினாள். அக்காவின் பின்னாலேயே வந்து கேட்டருகே நின்ற எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கணவர் போனதிலிருந்து பூட்டின கதவுக்குள் அக்கா இருந்ததே இல்லை. தன் வீட்டில் தூங்கும்போதுகூட வெறும் தாழ்ப்பாள்தான். இப்போது கிரில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். காலை நேரத்திலேயே ரவிக்கை நனைய வியர்த்திருந்தது.

"அக்கா, இரும்பு வெட்டற கருவி கொண்டாறேன்."

"வேணாம். வெட்டுனா அவ இன்னும் பெரிய பூட்டா வாங்குவா. நீ வேலைக்குப் போ."

போகவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே குட்டிச்சுவரில் உட்கார்ந்திருந்தேன், கருவியைப் பைக்குள் மறைத்துக்கொண்டு. உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மணிக்கொரு தரம் அக்கா வந்து கம்பியைப் பிடித்து நின்று மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு போவார். மாலை ஏழரைக்குத் தேவி வந்து திறந்தாள். அக்கா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமையும் அதே கதை.

புதன்கிழமை காலையில் தேவி பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"பெரியவ சொன்னா, பூட்டுன ஒடனே ஒங்க கை நடுங்குதுன்னு. பயமா இருக்காக்கா?"

"பயமாத்தான் இருக்கு. ரொம்ப இருக்கு."

"அப்புறம் ஏன்கா இப்படி?"

"நா பெரிய மனுசி, எனக்கே இப்படி இருக்கு. இதுங்க ரெண்டும் வாயத் தெறந்து ஒங்கிட்ட சொல்லுமா? நீ பாவம், காலு வலிக்க நின்னு வேல செஞ்சுட்டு வர்றன்னு சொல்லாதுங்க."

தேவி உள்ளே பிள்ளைகள் பக்கம் பார்த்தாள். ஹாரன் அடித்தது. வேன்காரர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"அவங்கப்பா வந்தா?" என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது.

"வரட்டும். ஒன்னத் தவிர யாருக்கும் தெறக்க மாட்டேன். தெறந்தா தீக்கு மட்டுந்தான் தெறப்பேன். இது எங்க வீட்டுக்காரரு மேல சத்தியம்."

தேவி சாவிக்கொத்தை எடுத்தாள். வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றப் போய் நகம் உடைந்தது. கம்பிக்கு நடுவே கையை நுழைத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனைப் பார்த்து ஓடினாள்.

வேன் திரும்பி மறைந்தது. அக்கா அங்கேயே நின்றார். நான் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"தெறந்து வெளிய வாங்கக்கா. கொஞ்ச நேரம் காத்தாட உக்காருங்க."

அக்கா கையைப் பிரித்துச் சாவியைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். இன்னொரு கை கம்பியை விட்டிருந்தது.

"எதுக்கு? இப்பத்தானே என்னால உள்ள இருக்க முடியுது" என்றார். சின்னவள் பசிக்கிறது என்று உள்ளேயிருந்து கத்தினாள். அக்கா அடுப்படிக்குப் போனார்.