சொட்டுக் கூடாமல், சிந்தாமல்

திரவத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல், கூடாமல், குறையாமல் மாற வைப்பதுதான் என் பிழைப்பு. லேபில் சொட்டுச் சொட்டாக அளந்தெடுக்கும் பைப்பெட் அளவு தப்பினாலும், ஆலையில் பம்ப் மக்கர் பண்ணினாலும் மதுரை வட்டாரத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். கம்பெனி கொடுத்த கருவிப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய் நிற்பேன். நீங்களும் சர்வீஸ் வேலைக்கு அலைகிறவரா? அப்படியானால் நான் சொல்லப்போவதெல்லாம் உங்களுக்கும் நேர்ந்திருக்கும். தலையாட்டிக்கொண்டே படியுங்கள்.

ஃபேனுக்குத் தடை

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி லேப். செல்வி என்ற ஆராய்ச்சி மாணவி அழாத குறையாக நின்றாள். ஒரே சோதனைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு வருகிறதாம். பைப்பெட் கெட்டுவிட்டது என்றாள். பைப்பெட்டில் எடுத்த தண்ணீரைத் தராசில் விட்டு எடை பார்ப்பதுதான் எங்கள் பரிசோதனை. விட்டேன். எண்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நிறுத்தச் சொன்னேன். சித்திரை வெயில். லேபில் இருந்த அத்தனை பேரும் என்னை முறைத்தார்கள். எண்கள் அடங்கின. பைப்பெட்டில் ஒரு குறையும் இல்லை. பிறகு செல்வியை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். பைப்பெட்டின் பொத்தானை அழுத்திய கட்டைவிரலை வெடுக்கென்று விடுகிறாள், திரவத்தோடு காற்றுக் குமிழும் ஏறுகிறது. மெதுவாக விடப் பழகியதும் எடை சொல்லி வைத்தாற்போல ஒன்றாகவே வந்தது. அவளுக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விடாமல் எடுத்துப் பார்த்தாள். துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்த அவள் தோழி என்னிடம் சொன்னாள்: "அக்கா, இவ பிஎச்.டி. முடிக்கிறதுக்குள்ள நாங்க எல்லாரும் ஆவியாப் போயிருவோம்!"

நுரை போன பாட்டில்கள்

சமயநல்லூரில் ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தரை துடைக்கும் திரவம் தயாரிக்கிறார். நாலைந்து பெண்களுக்கு அதுதான் வேலை. பாட்டிலை மெஷின் நிரப்பும்போது கழுத்துவரை நுரை பொங்கும். நிறைந்துவிட்டது என்று மூடி போட்டு அனுப்புவார்கள். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் நுரை அடங்கி, பாட்டில் குறையாகத் தெரியும். பெட்டி பெட்டியாகத் திரும்பி வரத் தொடங்கியதும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

மேலேயிருந்து கொட்டிக்கொண்டிருந்த மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, பாட்டிலின் அடிவரை இறங்கும் நீளக் குழாயை மாட்டினேன். வேகத்தையும் குறைத்தேன். சரியான வேகம் பிடிபடுவதற்குள் எலுமிச்சை வாசனையோடு ஒரு குளமே தேங்கிவிட்டது. அதன் பிறகு வந்த பாட்டில் நுரையே இல்லாமல் நிறைந்து நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கீழே பார்த்தார்: "வேலை சுத்தம்மா. தரையைத்தான் குளமாக்கிட்ட. தொடைக்க நம்ம சரக்கே இருக்கு, எடுத்துக்க."

பாகற்காய் வாரம்

கோரிப்பாளையத்தில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கும் ஜமால் அண்ணன் ஒருநாள் போனில் பதறினார். சர்க்கரை அளவு முன்பே தெரிந்த சாம்பிளை வைத்துப் பார்த்தால் அதுவே சர்க்கரை கூடுதலாகக் காட்டுகிறது என்றார். போய்ப் பிரித்துப் பார்த்தேன். சோதனை மருந்து எடுக்கும் பைப்பெட்டுக்குள் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. மருந்து குறைவாக விழ, ரத்தத்தின் பங்கு கூடி, சர்க்கரை எகிறியிருக்கிறது. வளையத்தை மாற்றினேன், சரியாகிவிட்டது.

"சரியாயிருச்சுல்ல, விடுங்கண்ணே" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஜமால் அண்ணன் விடவில்லை. அந்த வாரம் சோதித்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தப்பு எங்களுடையது, வந்து இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். திட்டு வாங்கத் தயாராகவே உட்கார்ந்திருந்தார். முதலில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர். மறுபடி பார்த்ததில் சர்க்கரை சரியான அளவில்தான் இருந்தது. ரிசல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அது சரி பாய், மக நிச்சயதார்த்தத்துல அல்வாவத் தள்ளி வச்சுட்டு வாரம் பூராம் பாகற்காயாத் தின்னேனே, அதுக்கு யாரு பொறுப்பு?"

கல்யாண மாப்பிள்ளை

அவனியாபுரத்தில் உலோகங்களுக்கு முலாம் பூசும் பட்டறை. அங்கே ஆசிட் கேனை இடுப்பில் சாய்த்துத்தான் தொட்டியில் ஊற்றுவார்கள். நான் நச்சரித்து நச்சரித்து, ஒருவழியாக முதலாளி கைப்பம்ப் ஒன்று வாங்கினார். அதை மாட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். பம்பை இயக்க வேண்டியவர் பாண்டி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கல்யாணம். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். "போட்டா மூஞ்சில கோடு விழுகுதுக்கா. கல்யாண போட்டோவுல தெரியும்" என்றார். "கண்ணுல இறக்கினாத்தான் பம்புல கை வைக்க விடுவேன்" என்று நானும் பிடிவாதமாக நின்றேன். முனகிக்கொண்டே இறக்கினார்.

தண்ணீர் விட்டுச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நான் கை கழுவப் போன நேரத்தில், குழாய் எட்டவில்லை என்று முதலாளி நீளமான பழைய குழாய் ஒன்றை மாட்டி, கிளிப்பை அரைகுறையாக இறுக்கிவிட்டார். பாண்டி பம்பை அழுத்தியதும் குழாய் பிய்த்துக்கொண்டது. ஆசிட் நேராக அவர் முகத்தில் அடித்தது. அவரைப் பிடித்து அவசரக் குளியல் குழாய்க்கு இழுத்துக்கொண்டு ஓடினால், அதற்கு முன்னால் காலிக் கேன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதலாளியே அலறிக்கொண்டு அவற்றை எட்டி உதைத்தார். தண்ணீரைத் திறந்து, பாண்டி "போதும்க்கா, போதும்க்கா" என்று கெஞ்சியும் விடாமல் அவரை அதன் அடியிலேயே பிடித்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், கண்ணுக்கு ஒன்றுமில்லை, கன்னத்தில் மட்டும் காயம் என்று சொன்ன பிறகுதான் கருவிப் பெட்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தது எனக்கு நினைவு வந்தது. கண்ணாடியின் முன்பக்கம் பூராவும் ஆசிட் தெறித்த புள்ளிகள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். பவுடரையும் மீறி மாப்பிள்ளையின் கன்னத்தில் சிவப்புத் தழும்பு தெரிந்தது. போட்டோவுக்கு அவர் அந்தக் கன்னத்தை ஒளிக்கப் பார்க்க, மணப்பெண் அவர் முகத்தை நேராகத் திருப்பி வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "கன்னத்துல கோடு கெடந்துட்டுப் போகட்டும்க்கா. என்னயப் பாக்க ரெண்டு கண்ணும் இருக்குல்ல, அம்புட்டுப் போதும்."

சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் என்னைத் தேடுகிறவர்கள், எல்லாம் சரியாக இருந்தால் மறந்துவிடுகிறார்கள் என்பதால், என் போன் அடிக்காத நாளை நான் நல்ல நாள் என்கிறேன், கம்பெனியில் என் மேனேஜர் அதையே வருமானமில்லாத நாள் என்று திட்டுகிறார்.