பெரட்டில் ஒரு பெயர்

எழுபதுகளின் கடைசி. பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கமுடியாமல் இருந்தேன். இளைஞர் மன்றத்துக்குச் செயலாளர் நான்தான். ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரஸர் என்னை அழைத்து ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார். அதில் மருந்தே இல்லை. 'மன்றம், தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம்' என்று எழுதியிருந்தார்.

சீட்டு பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்கு. பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டிய தோழி காய்ச்சலில் இறந்ததிலிருந்து இரண்டு மாதமாக அவள் வாய் திறக்கவில்லை. உடம்பில் ஒன்றுமில்லை, நாலு பேரோடு உட்காரட்டும் என்றார் டிரஸர். அவள் அப்பாவோ, மாதக் கடைசிக்குள் பேசாவிட்டால் பேயோட்டியைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆளிடம் பிரம்படி பட்ட ஒரு பெண்ணை எங்களுக்குத் தெரியும். அவள் இன்னும் நேராக நடக்கமாட்டாள். பதினெட்டு நாள் இருந்தது; ஒரு வாரமே போதும் என்று நினைத்தேன்.

மன்றத்திலும் பெரட்டு உண்டு. விடியலில் மண்டோர் வேலையாட்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, பெயர் கூப்பிடாமல் எதுவும் தொடங்காது. அவள் வந்த முதல் நாள் அவசரத்தில் போன வருடத்து நோட்டைப் பிரித்துப் படபடவென்று வாசித்தேன். இறந்தவளின் பெயரும் அதில் இருந்தது. வாய்விட்டுக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

கேரம் காய்களின் சத்தம் நின்றது.

"வந்திருக்கா," என்றாள் அந்தப் பெண்.

ஆடிக்கொண்டிருந்த ஒருவன் சிரிக்க முயன்று, "எங்கலா?" என்றான்.

"கதவுகிட்ட நிக்கிறா. கூப்பிட்டாத்தான் உள்ள வருவா, அண்ணே."

என்ன செய்வதென்று தெரியாமல், யாருமில்லாத வாசலைப் பார்த்து உள்ளே வரச் சொன்னேன். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. அவள் பார்வை மட்டும், நடந்து வரும் ஒருவரைத் தொடர்வதுபோல், வாசலிலிருந்து பெஞ்சுவரை மெல்ல நகர்ந்தது.

டிரஸரிடம் ஓடினேன். பேசினாளா என்று மட்டும் கேட்டார். பேசினாள் என்றேன். அப்படியென்றால் நாளைக்கும் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, யாருக்கோ கட்டுப்போடப் போய்விட்டார்.

தினமும் கூப்பிட்டேன். இருபது பேர் வந்த மன்றம் ஏழு பேராகச் சுருங்கியது. அம்மா என் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். செத்தவளோடு பேசுவதெல்லாம் பேச்சில்லை, பேயோட்டி வருவது உறுதி என்றார் பெண்ணின் அப்பா. அந்தப் பெண்ணோ நாளுக்கு நாள் கூடுதலாகப் பேசினாள். தோழிக்குக் குளிர்கிறதாம். தோழிக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லையாம். பிறகு தோழியை விட்டுவிட்டு, தனக்கே பிடிக்கவில்லை என்றாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, அந்தப் பெயருக்குப் பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சிவப்புக் காய்க்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் எரிச்சலோடு நிமிர்ந்தாள்.

"என்னண்ணே நீங்க? அவதான் செத்துப் போயிட்டாளே."

அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற அவள் அப்பா, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பேயோட்டிக்கு இனி வேலையில்லை.

பெயரை அடிக்கப் பென்சிலை எடுத்தேன். மற்றவர்கள் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். ஆறு பேர் உட்காரக்கூடிய பெஞ்சில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆனாலும் சுவரோரமாக ஒடுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தேன். அது தெரிந்த பிறகும் நான் நகர்ந்து உட்காரவில்லை.